வெள்ளரளிக்கு ஊற்றிய சிவப்புச் சாயம்

"…வேரோட நின்னா குடிக்க மாட்டேங்குது, வெட்டி வெச்சா மடக்கு மடக்குனு குடிக்குது. அப்போ அந்த வேருக்குள்ள எவனோ ஒரு காவக்காரன் ஒக்காந்துனு இருக்கான் தம்பி. யாரை உள்ள வுடணும், யாரை வாசல்லயே நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியுது. நமக்குத்தான் தெரியல" என்றாள் பெரியம்மா.

தீமிதி அன்று காலை அது. பம்பைச் சத்தம் எங்கள் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டுக் கோயில் தெருவுக்குத் திரும்பியிருந்தது. என் மாமா கையில் களைக்கொட்டோடும் முழங்கால் வரை சிவப்புச் சேறோடும் ஓர் அரளிச் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிணற்று மேடையில் இருந்தேன். இதைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர். பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அப்பாவோடு சேர்த்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பெரியவர் பெரியப்பா, நடுவில் அப்பா, கடைசி சித்தப்பா. அந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு சித்தப்பா பாகம் பிரித்துக்கொண்டு போனார். போனார் என்றால் எங்கே போனார்? தோட்டத்துக்கு நடுவில் முள்வேலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்தாண்ட போனார், அவ்வளவுதான். என்ன சண்டை என்று எங்களுக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. கேட்டால் "வாயில சோறு இருக்கும்போது பேசாத" என்பார்கள், வாயில் சோறு இல்லாதபோதும்.

பத்திரம் எழுதுகிற நொத்தேர் வந்து, கயிறு பிடித்து அளந்து, கோடு கிழித்துக் கொடுத்தார். அந்தக் கோட்டுக்கு இந்தாண்ட கிணறும் வெள்ளரளியும் விழுந்தன. அந்தாண்ட செவ்வரளி விழுந்தது. நிலம், மாடு, வைக்கோற்போர் எல்லாவற்றையும் பற்றி வாய் கிழியப் பேசியவர்கள் அரளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியோரம் தானாக நிற்கிற செடி, அதற்கென்ன பேச்சு?

பேச்சு பிறகு வந்தது. எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி அன்று போடுகிற முதல் மாலை எங்கள் வீட்டு மாலை. கடையில் வாங்கிக் கட்டி எடுத்துப் போகிற மாலை இல்லை. விடிந்ததும் பூசாரி பம்பை உடுக்கையோடு தோட்டத்து வாசலுக்கே வருவார். ஊரார் பார்க்க, செவ்வரளிப் பூவைச் செடியிலிருந்து பறித்து, அங்கேயே கட்டி, அவர் கையில் கொடுக்க வேண்டும். ஊரில் எங்களைவிட நிலம் உள்ளவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஒரு நாள் காலையில் பெரியப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு பம்பைக்காரர்களுக்கு முன்னால் நடக்கிற நடை வேறு யாருக்கும் கிடையாது.

மாசிக் கடைசியில் பூசாரி வந்து, சுற்றி வளைத்து, மோர் குடித்து, கடைசியில் விஷயத்தைச் சொன்னார்.

"செவ்வரளி எந்த வேலிக்குள்ள பூக்குதோ அந்த வூட்டு மாலைதாங்க. நான் இன்னா பண்றது, அம்மனுக்கு வெள்ளையா போட முடியும்?"

அன்றிலிருந்து பெரியப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியம்மாவுக்கு அது வேறு விதமாக வலித்தது. அந்தச் செவ்வரளியே அவளுடையது. கல்யாணமாகி வந்தபோது ஏம்பலத்திலிருந்து, தன் அம்மா வீட்டுச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம். பிள்ளை இல்லாதவள். ஊர்ப் பெண்கள் "அந்த அரளிதான் அவளோட தலைச்சன்" என்று கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் யாரும் அவள் எதிரில் பேசியதில்லை.

ஒரு குச்சி கேட்டு வாங்கி இந்தாண்ட நட்டிருக்கலாமே என்பீர்கள். யார் கேட்பது? வேலி போட்ட நாளிலிருந்து பெரியம்மாவும் சித்தப்பா பெண்சாதியான சின்னம்மாவும் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் கோழியிடம் பேசினார்கள். "ஏ கோழி, ஊரு சொத்த மேய்ஞ்சிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று பெரியம்மா சத்தமாகக் கேட்டால், எங்கள் கோழிக்கு அதில் கால்வாசிதான் சேரும். அந்தாண்டையிலிருந்து சின்னம்மா தன் கோழியிடம் பதில் சொல்வாள். கோழிகள் இரண்டும் வேலிக்கடியில் புகுந்து புகுந்து ஒன்றாகத்தான் மேய்ந்தன. அதோடு, இன்றைக்குக் குச்சி நட்டாலும் இந்தத் தீமிதிக்கா பூக்கப் போகிறது?

இந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அம்மாவுடைய தம்பி. புதுச்சேரிப் பட்டணத்தில் ஓர் ஆலையில் சாயக்கொட்டகை வேலை. அவர் நகங்கள் ஒரு முறை வந்தால் நீலமாக இருக்கும், மறுமுறை வந்தால் சிவப்பாக இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் பெரியம்மா, "சோத்துக்குச் சாயம் ஏத்திடாதப்பா, எங்க வூட்ல வெள்ளைச் சோறுதான் வழக்கம்" என்பாள். "அது சோறு இல்லக்கா, உங்க மனசு" என்று அவர் குழைவார். அப்படி ஒரு பேச்சு அவருக்கு. வேலை இருக்கிற ஊரில் இருந்ததைவிட வேலை இல்லாத எங்கள் ஊரில்தான் அவருக்கு வேலை அதிகம்.

அந்த முறை எங்களுக்கு ஒரு வித்தை காட்டினார். காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்த சிவப்புச் சாயத்தூளைக் கண்ணாடிப் புட்டியில் கரைத்தார். வேலியோரத்து வெள்ளைக் காசித்தும்பைச் செடி ஒன்றை அடித்தண்டோடு நறுக்கி அதில் நிறுத்தினார். காசித்தும்பைத் தண்டு பார்த்திருக்கிறீர்களா? நுங்கு மாதிரி இருக்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய சிவப்புக் கோடுகள் தண்டுக்குள் ஏறத் தொடங்கின. யாரும் ஊதவில்லை, பிழியவில்லை, தானாக ஏறியது. குடிக்கிற சத்தம் கேட்குமா என்று நான் தண்டில் காதை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் அந்த வெள்ளைப் பூவில், தூக்கம் கெட்ட கண் மாதிரி, சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன.

பெரியம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அரளிக்கு இது நடக்குமா தம்பி?"

நடந்தது. நறுக்கி வைத்த வெள்ளரளிக் கிளை ஒன்று மறுநாள் காலையில் பூவெல்லாம் சிவந்து நின்றது. கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மா பெரியப்பாவிடம் போனாள். அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கவும் செய்தது. "பறிக்கும்போது ஊரே நிக்குமே? பூ செடியில இல்ல செவப்பா இருக்கணும்?" என்றார்.

"அதுக்கின்னா மாமா, வேர்ல ஊத்திட்டா செடியே செவப்பாப் பூக்குது" என்றார் என் மாமா. "வெட்டுன கொம்பே இந்தக் குடி குடிக்குதுன்னா, வேரோட இருக்கறது சும்மாவா இருக்கும்?"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எங்கள் வீட்டில் அதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. பெரியப்பாவுக்கு மட்டும் ஓர் உறுத்தல். "ஏமாத்து வேலை ஆயிடாதா?" என்று கேட்டார். பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "பூவைச் சாயத்துல முக்குனா ஏமாத்து. செடிக்குத் தண்ணி ஊத்தறது ஏமாத்தா? அது இஷ்டப்பட்டுக் குடிச்சு, செவப்பாப் பூத்தா, அம்மன் குடுத்ததுன்னு அர்த்தம்." பெரியப்பா இதைக் கேட்கத்தான் காத்திருந்தவர்போல எழுந்து போய்ச் சோறு போடச் சொன்னார்.

அப்புறம் பாருங்கள் எங்கள் கொண்டாட்டத்தை. வெள்ளரளியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டியாயிற்று. அம்மா கிணற்றில் இறைப்பாள், பெரியம்மா சாயம் கலப்பாள், நான் சொம்பு சொம்பாக ஊற்றுவேன். மண் சிவந்தது. எங்கள் கால் சிவந்தது. "இன்னாடி, கால்ல மருதாணியா?" என்று தெருவில் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வெள்ளைக் கோழிக்குக்கூடக் கால் சிவந்து, அது வேலிக்கு அந்தாண்ட போய் வர, சின்னம்மா தன் கோழியிடம், "அவுங்க வூட்டுக் கோழிக்குக் கல்யாணம் போலருக்கு, நம்மளதான் கூப்படல" என்றாள்.

பூ மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வந்து பார்ப்பார். சாயத்தை இன்னும் கெட்டியாகக் கலக்கச் சொன்னார். தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். வெளிறிய பச்சை தெரிந்ததே தவிர, சிவப்பின் சாடையே இல்லை. தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தவரைப் பெரியம்மா விரட்டி எழுப்பினாள். அரளி தொட்ட கையோடு சோற்றில் கை வைக்கலாமா? கையைக் கழுவும்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. துணி சாயம் பிடிக்க வேண்டுமென்றால் தொட்டியில் உப்புப் போடுவார்கள். செடிக்கும் உப்புத்தான் குறைச்சல்!

"சமையல் உப்பைக் கொட்டுனா செடி பட்டுப்போவும்" என்று பெரியம்மா ஒரே பிடியாக நின்றாள்.

அப்போது தீமிதிக்கு வாணம் கட்டுகிறவர் எங்கள் ஊர்ச் சாவடியில் வந்து தங்கியிருந்தார். மாமா அவரிடம் பேச்சுக் கொடுத்து, வெடியுப்பு ஒரு துணி நிறைய வாங்கி வந்தார். "இதுவும் உப்புதான்க்கா, ஆனா கரிக்காது" என்றார். நான் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லைதான். நாக்கு சில்லென்று ஆயிற்று, சித்திரை வெயிலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாற்போல. இப்படிக் குளிர்ச்சியான ஒன்று எப்படி வெடிக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பிறகு வெடியுப்பைக் குடத்தில் கரைத்து, அதில் சாயத்தையும் கலந்து ஊற்றினோம். ஊற்ற ஊற்றச் செடியிடம் ஒரு மாற்றம் வந்தது. மஞ்சள் பாய்ந்து கிடந்த இலைகள் மெல்ல மெல்லக் கரும்பச்சை ஆயின. புதுக் கொழுந்துகள் வெடித்தன. நுனிக்கு நுனி மொட்டு. மாமா ஆலைக்கே லீவு சொல்லிவிட்டு வந்து செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "பிடிச்சிக்கிச்சி, சாயம் பிடிச்சிக்கிச்சி" என்று மொட்டு மொட்டாகத் தடவிப் பார்த்தார்.

மொட்டு விரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் செடி பிறந்ததிலிருந்து அப்படிப் பூத்ததில்லை. கொத்துக் கொத்தாக, கிளை வளைய, துவைத்து நீலம் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை! வீம்புக்கென்றே பூத்ததுபோல அத்தனையும் வெள்ளை! பெரியப்பா வந்து நின்று பார்த்தார். "செவப்பக் குடிச்சிட்டு வெள்ளையாத் துப்புதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதற்கிடையில் வேலிக்கு அந்தாண்ட செவ்வரளி இளைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கிணறு ஏது? சின்னம்மா வாய்க்காலிலிருந்து குடத்தில் கொண்டுவருவது குடிக்கவும் மாட்டுக்கும் போதவில்லை. அரளி சுலபமாகச் சாகிற செடி இல்லை, ஆனால் பூக்காமல் இருக்க அதற்குத் தெரியும். இலைகள் வெளுத்துத் தொங்கின. தண்ணீர் சேந்தும்போதெல்லாம் பெரியம்மாவின் பார்வை வேலி இடுக்கு வழியாக அங்கே போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தீமிதி அன்று காலை பூசாரி, மூத்தவர் வாசல் என்ற முறைக்கு, முதலில் எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்தார். பின்னால் ஊர். வெள்ளரளி அத்தனை பூவோடும் நின்றது. அதில் ஒரு பக்கம், அடியிலிருந்து கிளைத்த ஒரே ஒரு கொம்பில், ஒரு கொத்து மட்டும் இளஞ்சிவப்பாகக் கோடு ஓடி இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "இன்னாங்க, அரளிக்கு வெக்கம் வந்துடுச்சா?" என்று கேட்க, பம்பைக்காரர் உட்படச் சிரித்தார்கள். பூசாரி பெரியப்பாவைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டு வேலியைச் சுற்றி அந்தாண்ட போனார்.

அங்கே செவ்வரளியில் இருந்ததையெல்லாம் பறித்தார்கள். நல்ல சிவப்புத்தான். ஆனால் கட்டி முடித்ததும் சின்னம்மா அதைத் தூக்கிப் பிடித்தபோது, மாலை என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அம்மனுக்குப் போட்டால் கழுத்தோடு நின்றுவிடும், மார்புக்கு இறங்காது. சித்தப்பா மார்பை நிமிர்த்திப் பம்பைக்காரர்களுக்கு முன்னால் நடந்தார். பெரியப்பா துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் போனார். அவர் முதுகை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. அந்த ஒரு கொத்து மட்டும் ஏன் சிவந்தது என்று களைக்கொட்டால் அந்தப் பக்கத்தைத் தோண்டினார். நானும் கிணற்று மேடையிலிருந்து குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு வேர் அறுபட்டிருந்தது. களை கொத்தும்போது என்றைக்கோ பட்ட வெட்டு. வெட்டுப்பட்ட வாயிலிருந்து உள்ளே சிவப்பு ஏறியிருந்தது. மற்ற வேர்களையும் எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேல்தோல் சிவப்பு, நடு வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் பெரியம்மா காவக்காரனைப் பற்றிச் சொன்னாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாதவள் நான். என் மகள் படிக்கும்போது அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஒரு நாள் அதில் வேரைக் குறுக்கே நறுக்கிய படம் இருந்தது. வெளியே முடிபோன்ற மெல்லிய வேர்த்தூவிகள், நடுவில் தண்ணீர் ஏறுகிற குழாய்கள், இரண்டுக்கும் இடையில் வட்டமாக ஒரு சுவர். அந்தச் சுவரின் இடுக்குகளை மெழுகுபோன்ற ஒன்று அடைத்திருக்கிறதாம். இடுக்கில் நுழைந்து போக வழியில்லை. மண்ணில் கரைந்த உப்பு எதுவானாலும் ஓர் உயிருள்ள அறைக்குள், செல் என்கிறார்களே அதற்குள், புகுந்து, அதன் சம்மதத்தோடுதான் குழாய்க்குப் போக வேண்டும். வேண்டிய உப்பு மண்ணில் துளியே இருந்தாலும், வேர் தன் பலத்தைச் செலவழித்து இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளுமாம். சாயம் போன்ற வேண்டாத விருந்தாளி பெரும்பாலும் சுவரோடு நிற்க வேண்டியதுதான். உள்ளே போனதை, இலைகள் மேலிருந்து இழுக்கிற தண்ணீர் சுமந்துகொண்டு ஏறும். வெட்டிய தண்டில் சுவரும் இல்லை, காவலும் இல்லை. குழாய் திறந்து கிடக்கிறது, எது வந்தாலும் ஏறிவிடும்.

வெடியுப்பு என்பது செடிக்குப் பிடித்தமான இரண்டு சத்துகள் சேர்ந்தது என்றும் அந்தப் புத்தகத்தில்தான் படித்தேன். ஆக, நாங்கள் ஊற்றிய குடத்திலிருந்து அந்த வேர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு வேண்டியதை மண்ணிலேயே விட்டுவிட்டது. மகள் முன்னாலேயே எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். ஏன்மா சிரிக்கிற என்று கேட்டாள். எங்க பெரிம்மாவை உங்க புத்தகத்துல போட்டிருக்காங்க என்றேன்.

ஆனால் அன்று காலை எனக்கு வேருக்குள் இருப்பதும் தெரியாது, பெரியம்மாவுக்குள் இருப்பதும் தெரியாது. அவள் பேசி முடித்ததும் மாமா தலை நிமிராமல், "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார். கிணற்று மேடையில் ஒரு குடம் மிச்சம் இருந்தது. வெடியுப்புக் கரைத்து, இன்னும் சாயம் கலக்காத தண்ணீர். பெரியம்மா அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள்.

ஒரு குடம் உப்பையும் ஒரேயடியாகக் கொட்டி அந்தாண்டச் செடியைக் கருக வைக்கத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் வேலி இடுக்கில் கையை விட்டு, முள் கீறுவதையும் பாராமல், குடத்தைச் சாய்த்தாள். குழந்தைக்குப் பாலடையில் பால் புகட்டுகிற மாதிரி, செவ்வரளியின் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மண் குடித்து முடிக்கக் காத்திருந்து, மறுபடி ஊற்றினாள்.

சத்தம் கேட்டுச் சின்னம்மா வந்து நின்றாள். அவள் இடுப்பில் காலிக் குடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியம்மா குனிந்து, காலடியில் கிளறிக்கொண்டிருந்த எங்கள் கோழியிடம் சொன்னாள்.

"ஏ கோழி, அந்தச் செடி தண்ணி இல்லாம காயறத என்னால பாக்க முடியல. நாளையிலேர்ந்து இந்தக் கெணத்தாண்ட வழி தொறந்துதான் இருக்கும். வேணும்ங்கறப்போ வந்து மொண்டுனு போ."

கோழி எப்படித் தண்ணீர் சேந்தும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். கிணற்றுக்கு நேராக வேலியில் கட்டியிருந்த முள்படலின் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் படலைத் தூக்கி, வெள்ளரளியின் மேல் சாய்த்து வைத்தாள்.